புலம்பினால்தான் ஆறும்

நடுவர் அவர்களுக்கும், ஏலத்தோட்டத்து வேலையை முடித்த கையோடு இந்த இடுக்கி மலைப் பூப்பாறைத் திருவிழாவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறவுகளுக்கும் வணக்கம். துன்பத்தை ஆற்றுவது பொறுமையா, புலம்பலா? நான் புலம்பல் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "நம்ம பொம்பளைங்க ஜீப்பில் ஏறினதிலிருந்து இறங்குற வரைக்கும் கஷ்டம், கஷ்டம்னுதான் பேச்சு. புலம்பினா ஏலச்செடி கூடக் கொஞ்சம் காய்க்குமா?" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, பதிலையும் கேளுங்கள்.

கீழே தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊரிலிருந்து விடியுமுன்னே ஜீப் பிடித்து, போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்க வருகிற ஒரு பெரியம்மா. முழங்கால் வீங்கிவிட்டது. இங்கே மேலேயே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் கோட்டயத்துப் பிள்ளை, வேலைக்குப் புதுசு. மலையாளத்தில் வேதன என்றால் உடம்பு வலி. தலைவலியைக்கூடத் தலவேதன என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தெரியும், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? டாக்டர் வலது முழங்காலைத் தொட்டு, "அம்மே, வேதன உண்டோ?" என்றார்.

பெரியம்மா அவர் முகத்தையே பார்த்தார். "வேதனை உண்டான்னு என்னைய ஒருத்தரும் கேட்டதில்லையே சாமி! பெரியவன் திருப்பூர் போனான். போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறான்."

டாக்டர் தலையாட்டிவிட்டு இடது முழங்காலைத் தொட்டார். "இவிடெ?"

"அந்தப் பக்கமும் உண்டு சாமி. சின்ன மகளைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்ல."

"ராத்ரி கூடுமோ?"

"ராத்திரியிலதான் சாமி கூடும்! அந்த மனுசன் குடிச்சிட்டு வந்து கதவைத் தட்டுறப்பப் பாக்கணும்!"

பக்கத்தில் நின்ற நர்ஸுக்குத் தமிழ் தெரியும். முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டருக்கு எடுத்துச் சொன்னார். அந்தப் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? பேனாவை மூடி வைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "பறயூ அம்மே, சொல்லுங்க" என்றார். ஒழுகுகிற கூரையிலிருந்து குழுக்கடன் வரைக்கும் அத்தனையும் கேட்டார். வெளியே வரும்போது பெரியம்மா சொன்னார்: "பாதி வலி போயிருச்சுடா தம்பி." மாத்திரை இன்னும் வாங்கவே இல்லை!

நண்பரே, நீங்கள் கிண்டலடித்த ஜீப்புக்குள் என்ன பேசுகிறார்கள்? யாருக்குக் கூலி பிடித்தார்கள், யாருக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் இதுதான் நிலைமை என்று அங்கேதான் தெரிகிறது.

புலம்பினால் காய்க்குமா என்றீர்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் காய்த்ததே! தேயிலைத் தோட்டக் கம்பெனி போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது. அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய். கொழுந்து பறிக்கிற நம் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. தங்கள் கஷ்டத்தைத் தாங்களே சொன்னார்கள். ஒன்பதாவது நாள் 20 சதவீதம் கிடைத்தது. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்ற பேர் நாடு முழுக்கப் போனது. குழாயடியிலும், தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலிலும் புலம்பிப் புலம்பி ஏறின குரல் அது.

இடுக்கண் வருங்கால் நகுக என்று வள்ளுவரையும் துணைக்கு அழைத்தீர்கள். அல்லற்பட்டு ஆற்றாது அழுத கண்ணீர் செல்வத்தையே தேய்க்கும் படை என்றதும் அதே வள்ளுவர்தான்.

கடைசியாக ஒன்றை மட்டும் சொல்கிறேன், வேறு எதுவும் பேச எனக்கு மனசு வரவில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டமான பெட்டிமுடி. மலை சரிந்து லயத்தோடு 70 உயிர் போனது. மூணாற்றுக்குச் செய்தி வந்து சேரவே விடிந்துவிட்டது. சிலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றிலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வந்த சொந்தங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத ஒரு தாயிடம் போய், "பொறுத்துக்கோ" என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா நண்பரே? எனக்கு வராது. பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லு தாயி" என்பேன். விடிய விடியச் சொன்னாலும் கேட்பேன்.

நன்றி, வணக்கம்.