"நல்லா பேசுறியே, வெளியே போ!"

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். மருத்துவம், நர்சிங் படிப்புகளுக்கான நேர்காணலில் ஆண், பெண் பார்க்காமல் நியாயம் கிடைக்கிறதா என்பது தலைப்பு. கிடைக்கவில்லை என்கிறது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "நேர்காணல்னா பேசணும். பேச்சில் பெண்களை ஜெயிக்க முடியுமா? பாவம், ஆண்கள்தான்!" நீங்களும் கைதட்டினீர்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அண்ணே, நீங்கள் ஜோக்காகச் சொன்னதை டோக்கியோவில் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகம் சீரியஸாகவே செய்திருக்கிறது! 2018 டிசம்பரில் குட்டு உடைந்தது. மருத்துவப் படிப்புக்கான நேர்காணல் கட்டத்தில் பெண்களுக்கு மட்டும் பாஸ் மார்க்கை உயர்த்தி வைத்திருந்தார்கள். ஏன் என்றால், படிப்பில் சேரும் வயதில் பெண்களுக்கு மனமுதிர்ச்சி சீக்கிரம் வந்துவிடுகிறதாம், பேச்சுத் திறனும் அதிகமாம், அதனால் சமன்செய்தார்களாம். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் உள்ளே போய்த் திணறினால், "பேசவே வரலையேம்மா, வெளியே போ." அடுத்தவள் போய்க் கணீரென்று பேசினால், "இவ்வளவு நல்லா பேசுறியேம்மா, நீயும் வெளியே போ!" நோயாளியிடம் பேசத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்கத்தானே ஐயா நேர்காணலே வைக்கிறார்கள்?

அதே ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் பெண்களின் மார்க்கையே குறைத்து மாட்டியது. அது தனிக் கதை.

சரி, ஆண்களுக்காவது நியாயம் உண்டா? நர்சிங்குக்குப் போகும் பையனிடம், "டாக்டர் சீட் கிடைக்கலையா தம்பி?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? இதற்கு வழி இல்லாமல் இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் கொண்டுவந்த முறையில் ஒரே ஆளுக்குப் பல குட்டி நேர்காணல்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள் மார்க் போடுவார். ஒருவருடைய கோணல் புத்தி மட்டும் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுதிவிடாது. இதை விரிவாகச் சொல்லலாம் என்று வந்தேன், அதற்குள் நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.

ஒரே நிமிடம் ஐயா. எங்கம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி ராத்திரி, பயத்தில் தூங்கவே இல்லை. நைட் டியூட்டியில் இருந்தது ஒரு ஆண் நர்ஸ். வார்டு வேலை முடிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி விடியும் வரை உட்கார்ந்திருந்தார். "நர்ஸ் வேலைக்கு ஏன் வந்தே?" என்று எங்கம்மா அவரிடம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாப்பிட்டியாப்பா?"