கண்டுபிடித்தவர் பெயர்
(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

என்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகள் நிறைய வந்திருக்கிறீர்கள். உபதேசம் செய்தால் செல்போனை எடுத்துவிடுவீர்கள். அதனால் ஒரு கதை சொல்கிறேன். ஆள் என் கற்பனை. ஊர் திசையன்விளைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேரி என்கிற செம்மணலும் பனையும் இல்லாமல் இந்தக் கதை நடக்காது.

லேத் பட்டறைக்காரர் ஒருவர். நல்ல கைராசி. அவருடைய பால்ய சிநேகிதன் பனையேறி. பனையேற்று எப்படிப்பட்ட வேலை என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும், மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒரு மரமென்றால் பரவாயில்லை, பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த அத்தனை மரமும் ஏற வேண்டும். காலில் தளநார் என்கிற நார் வளையம், இடுப்பில் பாளை அருவாள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். நாலைந்து நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்து ஊறுவதே நின்றுபோகும். காய்ச்சல் என்று படுக்கக்கூட முடியாத தொழில்.

இதற்கு ஒரு மெஷின் செய்தால் என்ன என்று லேத்துக்காரருக்குத் தோன்றியது. நல்ல ஆசைதான். உட்கார மேலே ஒரு சட்டம், மிதிக்கக் கீழே ஒரு சட்டம், இரண்டும் கம்பி வடத்தால் மரத்தைக் கவ்வும். மாற்றி மாற்றி உயர்த்திக்கொண்டே போகலாம். தென்னைக்கு இந்த மாதிரி வந்துவிட்டது. பனை அப்படி இல்லை. அடியில் பருத்து மேலே போகப் போகச் சிறுக்கும். கீழே இறுக்கமாக இருக்கிற வடம் உச்சியில் தொளதொளவென்று ஆகிவிடும்.

இதற்கு வழி சொன்னவன் சிநேகிதன். "உம்ம பாரம் விழ விழ அதுவா இறுகணும்வே. போல்ட்டு போட்டு முறுக்குனா உச்சிக்குப் போயி எந்தக் கையால முறுக்குவீரு?" என்று கேட்டான். ஒரு பழைய கயிற்றைத் தூணில் சுற்றி, சாய்ந்து தொங்கியும் காட்டினான். லேத்துக்காரர் அன்று ராத்திரியே அதைப் படமாக வரைந்துவிட்டார்.

அப்புறம் வழக்கமான கதைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டறை வேலை நின்றது. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது, பின்னாலேயே செயினும் போனது. மகளின் நர்ஸிங் ஃபீஸ் இரும்பாக மாறியது. அந்த அம்மா எதற்கும் வாய் திறக்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து காப்புரிமை. 1970ஆம் வருஷத்துச் சட்டம். விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 ஆண்டு உரிமை. தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்து இடம் பிடித்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்கலாம். மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அந்தப் படிவத்தில் விண்ணப்பதாரர் பெயர் கேட்பார்கள், கண்டுபிடித்தவர் பெயரையும் தனியாகக் கேட்பார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் போடலாம். நம் ஆள் தன் பெயரை மட்டும் எழுதினார். "அவனுக்குப் படிவமா புரியப்போகுது" என்று ஒரு சமாதானம் வேறு.

பணம் போடுகிறேன் என்று வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். முதல் நாள் ராத்திரி தூறல், மரம் ஈரம். தானாக இறுகும் வடம் இன்னும் தயாராகவில்லை. பழைய போல்ட்டுச் சட்டம்தான் இருந்தது. "ரெண்டு நாள் பொறும்வே" என்றான் சிநேகிதன். வந்தவர் பொறுப்பாரா? ஏறச் சொன்னார். இவனும் சிநேகிதத்துக்காக ஏறினான். உச்சிக்குக் கீழே, மரம் சிறுக்கிற இடத்தில் பிடி நழுவியது.

உயிர் போகவில்லை. இங்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. பங்குனியில் தொடங்கிய பதநீர் பாதியில் நின்றது. பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலியில் அவன் வீட்டுக்காரி அடுப்பு மூட்ட வேலை இல்லை, கருப்பட்டி ஊற்றுகிற சிரட்டையெல்லாம் மூலையில் கிடந்தது.

பணக்காரர் போய்விடக் கூடாதே என்று லேத்துக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். "மெஷின்ல கோளாறு இல்ல. அவன் கள்ளு குடிச்சிட்டு ஏறிட்டான்."

வளையல் போனபோது பேசாத அந்த அம்மா அன்றைக்குத்தான் பேசினாள். "காலைல நம்ம திண்ணைல உக்காந்து கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டுத்தான் அண்ணன் மரத்துக்குப் போனாவ. குடுத்தது நான். இப்பம் என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க." அவர் வேறெங்கோ பார்த்தார். மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வள்ளியூரில் தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பணக்காரரும் திரும்பி வரவில்லை. அது கிடக்கட்டும்.

'பேராசை பெருநஷ்டம்' என்று முன்வரிசையில் ஒரு அண்ணாச்சி முணுமுணுப்பது காதில் விழுகிறது. அதில் எனக்குச் சம்மதம் இல்லை. இந்த மண்ணில் வ.உ.சி.யைவிடப் பெரிய ஆசை யாருக்கு இருந்தது? 1906இல் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் கம்பெனி தொடங்கினார். கம்பெனி மூழ்கியது, சொத்து போனது, குடும்பம் பட்டபாடு கொஞ்சமல்ல. தீர்ப்பைக் கேட்டுத் தம்பிக்குச் சித்தம் கலங்கியது. 1908இல் இதே திருநெல்வேலியில்தான் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். இரண்டு ஆயுள் தண்டனை. ஒன்று அவர் பேசியதற்கு. இன்னொன்று சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு. அதாவது தண்டனையில் பாதி, சிநேகிதன் கணக்கில் வந்தது. மேல்முறையீட்டில் குறைந்தது, அது வேறு விஷயம். அந்த வீடும் நொடித்ததுதான். ஆனால் சிநேகிதனைக் குடிகாரனாக்கித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பார்க்கவில்லை.

ஆகவே லேத்துக்காரரின் ஆசை மேல் எனக்குக் கோபம் கிடையாது. மெஷின் வந்திருந்தால் எத்தனையோ பேருடைய முதுகெலும்பு தப்பித்திருக்கும். என் கோபம் எல்லாம் அந்தப் படிவத்தின் மேல்தான். சிநேகிதன் பெயரை அங்கே எழுதாமல் விட்ட அன்றே, ஆள் அவருக்குக் கருவியாகிவிட்டான். தன்னோடு சேர்ந்து கண்டுபிடித்தவன் என்று நினைத்திருந்தால், அவன் சொன்ன "ரெண்டு நாள் பொறும்வே" காதில் ஏறியிருக்கும். கள்ளுப் பழி அதற்கு அப்புறம் வந்தது, அதே வழியில் வந்தது.

போன தடவை இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டார்: "மெஷின் ஜெயித்து, நகையெல்லாம் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்த அம்மா திரும்பி வந்திருப்பாங்களா சார்?" வந்திருக்க மாட்டாள் என்பது என் கட்சி. நகைக்காக அவள் போகவே இல்லையே. மகளுக்காக வந்திருப்பாள் என்று அன்றைக்குப் பாதிச் சபை சண்டைக்கு வந்தது. உங்களில் யாருக்காவது அந்தக் கட்சி இருந்தால் டீ வருவதற்குள் மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.