இலங்கைக்கே கைமாற்றுக் கொடுத்த நாடு! 130 பேர் செய்த வேலை

(காட்சி: மட்டக்களப்பு கல்லடிப் பாலம், பின்னால் வாவி)

வணக்கம் மக்களே! 2021இல் இலங்கையிடம் டொலர் வற்றிக்கொண்டிருந்தபோது 200 மில்லியன் டொலர் தந்தது யார் தெரியுமா? பங்களாதேஷ்! 'கரன்ஸி ஸ்வப்' என்று பெரிய பெயர் வைத்தார்கள். நம்ம பாஷையில் கைமாற்று. சீனி முடிந்தால் பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்போமே, அதேதான். 2023இல் கொடுத்து முடித்துவிட்டோம், மானம் தப்பியது.

பின்னணியை வேகமாகச் சொல்கிறேன். பங்களாதேஷ் 1971இல் போரில் பிறந்த நாடு. 1974இல் பஞ்சம். நாமோ 1977இலேயே சந்தையைத் திறந்துவிட்டோம். ஓட்டத்தில் முன்னால் நின்றது நாம்தான். சரி, அப்புறம் என்ன நடந்தது?

(திரையில் பெரிதாக: 130)

இதுதான் எனக்குப் பிடித்த இடம். அந்தக் காலத்தில் எந்த நாட்டில் இருந்து எவ்வளவு உடுப்பு வரலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா போட்டிருந்தன. தென்கொரியா அதில் மாட்டிக்கொண்டது. பங்களாதேஷுக்கு அப்போது அந்தக் கட்டு இல்லை. உடனே கொரியாவின் டேவூ கம்பனி, பங்களாதேஷின் தேஷ் கார்மெண்ட்ஸுடன் கைகோத்தது. 1979இல் 130 பேர் பயிற்சிக்காகக் கொரியா போனார்கள். தையல் மட்டும் படிக்கவில்லை. தரம் பார்ப்பது, வெளிநாட்டு ஓடர் பிடிப்பது என்று முழு வியாபாரத்தையும் படித்தார்கள்.

திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானோர் சில வருடங்களில் தேஷை விட்டுப் போனார்கள். முதலாளிக்கு வயிற்றெரிச்சல்தான், நாட்டுக்கு யோகம்! போனவர்கள் சொந்தமாகக் கம்பனி தொடங்கினார்கள், புதுக் கம்பனிகளில் சேர்ந்தார்கள். இன்று பங்களாதேஷின் உடுப்பு ஏற்றுமதி மட்டுமே இலங்கையின் மொத்தப் பொருள் ஏற்றுமதியைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

நம் பக்கம் கைத்திறமை இல்லையா? மருதமுனைக்காரருக்கு யாராவது நெசவு சொல்லித் தர வேண்டுமா? சாரம் நெய்யத் தெரியும். அதை உலகச் சந்தையில் விற்கும் வித்தையைத்தான் யாரும் நமக்குக் காட்டவில்லை. இது என் கருத்து, சண்டைக்கு வருபவர்கள் கொமெண்டுக்கு வரலாம்.

பங்களாதேஷுக்கும் ஒரு பயம் உண்டு. ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் உடுப்புத்தான். மிகப் பின்தங்கிய நாடு என்ற பட்டியலை விட்டு வெளியேறினால் வரிச் சலுகைகளும் குறையும்.

வியட்நாம் அப்படி ஒரே கூடையில் முட்டை வைக்கவில்லை. 1986இல் கதவைத் திறந்து உடுப்பு, சப்பாத்து, கோப்பி, இறால், கடைசியில் சாம்சங் போன் வரை போனது. 1990இல் அங்கே தலா வருமானம் நம்முடையதில் கால்வாசிகூட இல்லை. இன்று நம்மைத் தாண்டிவிட்டது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து 130 பேரை அனுப்பலாம் என்றால், எந்த நாட்டுக்கு, எதைப் படிக்க அனுப்புவீர்கள்? என் வாக்கு வியட்நாமுக்கு, இறால் வளர்க்க. வாவி இங்கேயே இருக்கிறது, பாருங்கள்.

(கமரா வாவிப் பக்கம் திரும்புகிறது)