பாலியேட்டிவ் கேர் கடைசி நாளுக்கானது மட்டுமா?

(திரையில்: தலைப்பு)

வணக்கம். "பாலியேட்டிவ் கேர் டாக்டரையும் ஒரு தடவை பாருங்க" என்று சொன்னதுமே பல குடும்பங்கள் உடைந்துபோய்விடுகின்றன. கைவிட்டுவிட்டார்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுதான் அதை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கடுமையான நோயில் வலி, மூச்சுத் திணறல், மனவேதனை போன்ற அவதிகளைக் குறைத்து, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணையாக இருக்கிற சிகிச்சைதான் பாலியேட்டிவ் கேர். கீமோ ஒரு பக்கம் நடக்கும்போதே, டயாலிசிஸ் போய்க்கொண்டிருக்கும்போதே, பலவீனமான இதயத்துக்கு மருந்துகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்தச் சிகிச்சையையும் சேர்த்து எடுக்கலாம். சொல்லப்போனால் அப்படி எடுப்பதுதான் நல்லது.

2010இல் ஓர் ஆய்வு வந்தது. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான புற்றுநோய் சிகிச்சை மட்டும், மற்றவர்களுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேரும். சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது, சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள். ஆயுள் கூடும் என்று எல்லோருக்கும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இதில் சேர்ந்தால் ஆயுள் குறைந்துவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

(திரையில்: மருந்துப் பாட்டிலும் கடிகாரமும்)

சரி, எல்லோரும் பயப்படுகிற மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்துக்கு வருவோம். "பழகிப்போயிடும், அப்புறம் வேலை செய்யாது, கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்குள்ளேயே முடிவு செய்து, வலியில் துடிப்பவரைப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்கிறோம். இது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம், ஏனென்றால் அந்த வலியில் பெரும்பகுதி தேவையே இல்லாதது. டாக்டர் சிறிய அளவில் ஆரம்பித்து, வலியைப் பார்த்து அளவைக் கூட்டுவார்; அதைக் கடைசிக்கென்று பத்திரப்படுத்தத் தேவையில்லை. நாள் முழுக்க இருக்கிற வலிக்கு, வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது, அதனால் அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். நீங்களாக அளவைக் கூட்டவோ திடீரென்று நிறுத்தவோ வேண்டாம்.

வலி என்பது உடம்பில் மட்டும் இருப்பதில்லை. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கிற இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாகவும், பிறகு சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு டாக்டரானவர். உடம்பு, மனம், குடும்பம், வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்கிற கேள்வி, எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை வலிக்க வைக்கிறது என்று அவர் சொன்னார். அதனால்தான் இந்தக் குழுவில் டாக்டரோடு நர்ஸ், ஆலோசகர், சமூகப் பணியாளர் எல்லோரும் இருப்பார்கள்.

அவர்கள் உங்களையும் கவனிப்பார்கள். ராத்திரி முழுக்க முழித்திருந்து பார்த்துக்கொள்கிற மகளோ கணவரோ சோர்ந்து விழுவதும் அவர்கள் கணக்கில் உண்டு, இழப்புக்குப் பிறகான துக்கமும் உண்டு. சாப்பாட்டு விஷயத்தையும் அவர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். கடைசிக் கட்டத்தில் உடம்பு சாப்பாட்டைக் கேட்பதில்லை. அப்போது வற்புறுத்தி ஊட்டினால் புரையேறலாம். உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருந்தாலே ஆறுதலாக இருக்கும். அவர் பட்டினியால் சாகவில்லை, நீங்கள் கவனிக்காமலும் விட்டுவிடவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 5.68 கோடி பேருக்கு பாலியேட்டிவ் கேர் தேவைப்படுகிறது, கிடைப்பது 14 சதவீதம் பேருக்குத்தான். யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது நோயாளியையும் வைத்துக்கொண்டே கேளுங்கள்: இந்தச் சிகிச்சையால் என்ன எதிர்பார்க்கலாம், வலிக்கு இப்போதே என்ன செய்யலாம், வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா. நடுராத்திரி மூச்சுத் திணறினால் யாருக்கு போன் செய்வது என்பதையும் கேட்டு, அந்த எண்ணை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதி வையுங்கள்.