கல் எடுத்த காசில் நர்ஸம்மா படிப்பு

(தேன்கனிக்கோட்டையில் மகளிர் குழுக்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் ஐயா அவர்களே, விடியலிலிருந்து பந்தலையும் சாப்பாட்டையும் கவனித்துக்கொண்ட குழுத் தலைவிகளே, பெட்டமுகிலாளம் மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம். டாக்டர் அம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் புறநோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு நேரே மேடைக்கு வந்திருக்கிறார். எனக்குப் போட்ட இந்தச் சால்வை அவருக்குத்தான் சேரும். அம்மா, வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைக்கு வேண்டிய நர்ஸம்மா பயிற்சியைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். யாருக்குப் பயிற்சி, எங்கே பயிற்சி, யார் பணம்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று என் பாட்டி சொல்வார். கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது வருஷம் நடந்த பிறகு எனக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. நம் மாவட்டத்துக்கு ஒன்றும் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் சாமனப்பள்ளியில்தான். 2022இல் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்தக் கதவைத் திறந்து உட்காரும் ஆள் யார்? என் கேள்வி அதுதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை மலைக்குப் போட்டார்கள். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. மார்கழி மாதம், தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு தொட்டிக்கு, அதாவது சின்ன மலைக் குடியிருப்புக்கு, போனேன். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "கண்ணு மஞ்சு, கண்ணு மஞ்சு" என்றாள். மஞ்சள் காமாலை என்று எடுத்துக்கொண்டேன். இமையை இழுத்துப் பார்த்தேன், மஞ்சள் இல்லை. நகத்தைப் பார்த்தேன், இல்லை. பயப்படாதே என்று சொல்லி, சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

வேலியோரம் ஆட்டுக்குட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பத்தாவது முடித்தவள். அவள் ஓடிவந்து, "அக்கா, மஞ்சள்னு சொல்லல. பனி மூடின மாதிரி கண்ணு தெரியலைன்னு சொல்றாங்க" என்றாள். கன்னடத்தில் மஞ்சு என்றால் பனி! எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிரஷர் பார்த்தேன், 160க்கு 110, கர்ப்பிணிக்கு ஆபத்தான அளவு. பாதத்தை அழுத்தினால் விரல் பதிகிறது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும். கழியில் கம்பளியைக் கட்டித் தூளி செய்தார்கள். நாலு பேர் மாறி மாறித் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே நின்ற பால் வண்டிக்காரர், கேன்களை இறக்கிவைத்துவிட்டு அவளை ஏற்றிக்கொண்டார். அந்த ஆட்டுக்குட்டிப் பெண்ணும் கூடவே வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதையெல்லாம் கன்னடத்தில் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னாள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

ராத்திரி வராந்தாவில் அவள் என்னைக் கேட்டாள். "நானும் உங்களை மாதிரி ஆக என்ன படிக்கணும் அக்கா?" சொன்னேன். பயிற்சிப் பள்ளி எங்கே, விடுதிக்கு எவ்வளவு, எத்தனை வருஷம் என்று விவரம் கேட்டாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் கூலி நின்றால் வீட்டில் உலை வைக்க முடியாது. அடுத்த தையில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். அவள் அந்த மலைக்கு நர்ஸம்மாவாக வந்திருக்க வேண்டியவள். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், மலைப் பெண்ணைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே கன்னடம் பேசும் தொட்டி உண்டு, தெலுங்கு பேசும் ஊர் உண்டு, இருளர் குடியிருப்பு உண்டு. அந்தந்த ஊர் வாய்மொழி தெரிந்த பிள்ளைக்கு நோயாளி பாதி சொன்னாலே மீதி புரியும். இது ஆகாத காரியம் இல்லை. பக்கத்துத் தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடியில் சிட்டிலிங்கி இருக்கிறது. அங்கே பழங்குடி நல இயக்கம் 1993இலிருந்து உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணிக்குப் பழக்கி வருகிறது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கே பயிற்சி என்பதை விரித்துப் பேச நேரம் இல்லை. மலையை ஒட்டிய ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து இருக்க வேண்டும், இப்போதைக்கு அவ்வளவுதான். பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பயிற்சிக் கட்டணம் மட்டும் தந்தால் போதாது. இரண்டு வருஷமும் அவள் வீட்டில் உலை கொதிக்க மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும்.

எங்கிருந்து? நம் மாவட்டத்துக் கிரானைட் கல் கப்பல் ஏறிப் போகிறது. குவாரிக்காரர்கள் அரசுக்குக் கட்டும் தொகையோடு மாவட்ட கனிம அறக்கட்டளைக்கும் ஒரு பங்கு கட்டுகிறார்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் வந்த அறக்கட்டளை அது. சுரங்கம், குவாரியால் பாதிக்கப்பட்ட மக்களுக்குச் செலவழிக்க வேண்டிய பணம். சுகாதாரமும் திறன் பயிற்சியும் அதில் முன்னுரிமை இனங்கள். குவாரித் தூசியில் இருமுகிறவர்கள் நம் ஆட்கள். அவர்கள் நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கிற பெண்ணின் படிப்புக்கு அந்தக் காசைக் கேட்பது பிச்சை இல்லை, நமக்குச் சேர வேண்டியது. சட்டி எங்கே என்று இனி யாரும் கேட்க வேண்டாம், சட்டி இதோ இருக்கிறது. அகப்பையைப் போடச் சொல்லித்தான் நாம் கேட்கிறோம்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு நீங்கள் எல்லோரும் வர வேண்டும். தீர்மான வாசகத்தை எழுதி, வாசல் மேசையில் நகல் வைத்திருக்கிறோம். பயிற்சிக்கு அனுப்பும் பெண்ணின் பெயர் வர வேண்டிய இடத்தை வெறுமனே விட்டிருக்கிறோம். போகும்போது ஊருக்கு ஒன்று எடுத்துப் போங்கள். பெயரை ஊரே கூடி எழுதட்டும். வணக்கம்.