பேண்ட் வந்துவிட்டது, ஏற்பி வந்ததா? ஆல்ஃபா-1ஏ ஆன்டிபாடியைச் சோதிக்கும் முறை

[திரையில்: புரோஸ்டேட் திசு ஸ்லைடு, எங்கும் பழுப்பு நிறம்]

அட்ரினலின் வகைச் செய்திகளைப் பிடிக்கும் புரதமான ஆல்ஃபா-1ஏ அட்ரினெர்ஜிக் ஏற்பிக்கான ஆன்டிபாடி (அந்த ஏற்பியைத் தேடி ஒட்ட வேண்டிய புரதம்) போட்ட ஸ்லைடு இது. ஆன்டிபாடி ஒட்டிய இடம் பழுப்பாகும். நிறம் நன்றாகவே ஏறியிருக்கிறது. மென்தசையிலும் ஏறியிருக்கிறது, சுரப்பிச் செல்களிலும் அதே அளவு ஏறியிருக்கிறது. இடிப்பது அங்கேதான். புரோஸ்டேட்டில் இந்த ஏற்பி முக்கியமாக இருப்பது இடைத்திசுவின் மென்தசையில். டாம்சுலோசின் மாத்திரை சிறுநீர் அடைப்பைத் தளர்த்துவதும் அந்தத் தசையில்தான். அப்படியானால் சுரப்பிச் செல்லில் ஒட்டியது எது?

[திரையில்: சவ்வை 7 முறை ஊடுருவும் புரதத்தின் படம்]

அட்ரினெர்ஜிக் ஏற்பிகள் மொத்தம் 9: ஆல்ஃபா-1 மூன்று, ஆல்ஃபா-2 மூன்று, பீட்டா மூன்று. எல்லாமே செல்சவ்வை 7 முறை ஊடுருவும் புரதங்கள். சவ்வுக்குள் இருக்கும் பகுதிகள் உட்பிரிவுகளுக்குள் மிகவும் ஒத்திருக்கும். அதனால் ஆன்டிபாடி தயாரிப்பவர்கள் பெரும்பாலும் வால் பகுதியிலிருந்தோ செல்லுக்குள் இருக்கும் வளையத்திலிருந்தோ ஒரு சிறு பெப்டைடை (புரதத் துண்டை) எடுத்து முயலுக்குச் செலுத்துகிறார்கள். முயலின் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கும்.

அடுத்த சிக்கல் அளவு. ஒரு மில்லிகிராம் சவ்வுப் புரதத்தில் 50 ஃபெம்டோமோல் ஏற்பி என்று வைத்துக்கொள்வோம். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 30 மைக்ரோகிராம் ஏற்றினால் அதில் நம் ஏற்பி சுமார் 0.08 நானோகிராம்தான். ஏறக்குறைய நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. மிச்சப் புரதங்களில் ஏதாவது ஒன்றோடு ஆன்டிபாடி லேசாக ஒட்டினாலே போதும், அதன் பேண்ட் (புரதம் நிற்கும் இடத்தில் தெரியும் பட்டை) நம் பேண்டை மறைத்துவிடும்.

2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆல்ஃபா-1 உட்பிரிவுகளுக்கென விற்பனையில் இருந்த 10 ஆன்டிபாடிகளை நாக்அவுட் சுண்டெலியின் (அந்த ஏற்பியின் மரபணு நீக்கப்பட்டது) திசுவில் சோதித்தார்கள். மரபணு இல்லை, ஏற்பி இல்லை; பேண்ட் மட்டும் அப்படியே இருந்தது. பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

[திரையில்: இரண்டு லேன், ஒரே மாதிரி பேண்ட்]

ஆகவே முதல் வேலை வெஸ்டர்ன் ப்ளாட், அதாவது ஜெல்லில் பிரித்த புரதங்களில் ஆன்டிபாடி எதோடு ஒட்டுகிறது என்று பார்ப்பது. பக்கத்துப் பக்கத்து லேனில் சாதாரண சுண்டெலித் திசு, நாக்அவுட் சுண்டெலித் திசு. திசுவை அரைத்து, 1,00,000 ஜி விசையில் ஒரு மணி நேரம் சுழற்றி சவ்வுப் பகுதியைப் பிரித்தெடுங்கள். சாம்பிள் பஃபரில் போட்டு 95 டிகிரியில் கொதிக்கவைக்காதீர்கள். பழக்க தோஷத்தில் பலர் செய்வது இது. இந்த வகைப் புரதம் சூட்டில் ஒன்றோடொன்று திரண்டு ஜெல்லின் உச்சியிலேயே நின்றுவிடும். 37 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் போதும்.

அமினோ அமில வரிசைப்படி மனித ஆல்ஃபா-1ஏ சுமார் 51 கிலோடால்டன் (புரத எடையின் அலகு). சர்க்கரைச் சங்கிலிகள் சேர்வதால் உண்மையில் பேண்ட் மேலேயும் பரவலாகவும் வரலாம். அந்தச் சங்கிலிகளை வெட்டும் பிஎன்ஜிஏஸ்-எஃப் நொதி போட்டால் அது கீழே இறங்க வேண்டும். கத்தி முனை போலக் கூர்மையாக 50-ல் நின்று, நொதி போட்டும் அசையாத பேண்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

நாக்அவுட்டிலும் ஒரு கண் வேண்டும். மரபணுவின் முன்பாதியை மட்டும் நீக்கியிருந்து, ஆன்டிபாடி பிடிப்பது வால் பகுதியை என்றால், மிச்சத் துண்டு எங்காவது தலைகாட்டலாம். எந்தப் பகுதி நீக்கப்பட்டது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

"பிளாக்கிங் பெப்டைட் போட்டேன், நிறம் போய்விட்டது, அது போதாதா?" போதாது. பிளாக்கிங் பெப்டைட் என்பது ஆன்டிபாடியைத் தயாரிக்கப் பயன்பட்ட அதே பெப்டைட். தவறான புரதத்தோடு ஒட்டுவதும் ஆன்டிபாடியின் அதே கைதான். பெப்டைட் அந்தக் கையை அடைத்தால் சரியான நிறம், தவறான நிறம் இரண்டும் சேர்ந்தே போகும். ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெக்-293 மனிதச் செல்லில் ஏற்பியை ஏராளமாக உருவாக்கிக் காட்டுவதும் பாதி விடைதான். ஏற்பியோடு ஒட்டும் என்று தெரியும், மற்றதோடு ஒட்டாது என்று தெரியாது. அந்தச் சோதனை செய்தால் ஆல்ஃபா-1பி, 1டி ஏற்பிகளை உருவாக்கும் செல்களையும் சேர்த்தே செய்யுங்கள்.

[திரையில்: ஸ்லைடு வேலை]

இதில் தேறிய ஆன்டிபாடியைத்தான் ஸ்லைடில் போட வேண்டும். பாராஃபின் வெட்டு 4 மைக்ரான். மெழுகு நீக்கி, பிஎச் 6 சிட்ரேட் பஃபரில் 95 டிகிரி, 20 நிமிடம், பஃபரிலேயே ஆறட்டும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். 5 சதவீத ஆட்டு சீரம் அரை மணி. ஆன்டிபாடியை 1:100, 1:250, 1:500 என மூன்று அடர்த்தியில் வைத்து, 4 டிகிரியில் இரவு முழுக்க. மறுநாள் கழுவி, எச்ஆர்பி நொதி சேர்ந்த இரண்டாம் ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடியில் ஒட்டுவது), பிறகு டிஏபி (அந்த நொதி பழுப்பாக்கும் பொருள்). டிஏபி நேரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு செய்து, எல்லா ஸ்லைடுக்கும் அதே நேரம் கொடுங்கள். கையுறை கட்டாயம்.

கழுவும் பஃபரில் சோடியம் அசைடு இருந்தால் எச்ஆர்பி செயலிழக்கும். ஸ்லைடு வெறுமையாக வரும். சிறுநீரகம், கல்லீரல் திசுக்களில் இயற்கையாகவே பயோட்டின் அதிகம், அதனால் பயோட்டினைப் பிடித்து நிறம் ஏற்றும் அவிடின்-பயோட்டின் முறை பொய் நிறம் தரும். பயோட்டின் தேவைப்படாத பாலிமர் முறை நல்லது. வயதான இதயத் திசுவில் ஃபுளோரசன்ஸ் பார்த்தால் லிப்போஃபஸின் என்ற முதுமை நிறமி தானே ஒளிரும். முதல் ஆன்டிபாடி போடாத ஸ்லைடு இந்தப் பொய் நிறத்தையும் தானே வரும் ஒளியையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் முதல் ஆன்டிபாடியே தவறான இடத்தில் ஒட்டுவதை அது காட்டாது. அதற்கு நாக்அவுட் திசுவின் வெட்டு அதே தட்டில் இருக்க வேண்டும்.

எந்த ஆன்டிபாடியும் தேறவில்லையா? ஏற்பியின் அளவு தெரிந்தால் போதும் என்றால் கதிரியக்க டிரிடியம் ஏற்றிய பிரசோசின் (ஆல்ஃபா-1 ஏற்பியில் ஒட்டும் மருந்து) எவ்வளவு ஒட்டுகிறது என்று அளக்கும் கட்டு ஆய்வு செய்யலாம். குறிப்பற்ற ஒட்டலைக் கழிக்க 10 மைக்ரோமோலார் ஃபென்டோலமைன் (ஏற்பியை அடைக்கும் இன்னொரு மருந்து). ஆனால் பிரசோசின் மூன்று ஆல்ஃபா-1 உட்பிரிவுகளையும் பிடிக்கும், பிரித்துக் காட்டாது. எந்தச் செல் என்று தெரிய வேண்டுமானால் ஆர்என்ஏ இன்-சிட்டு (ஏற்பியின் ஆர்என்ஏவைத் திசு வெட்டிலேயே காட்டும் முறை).

பாலிகுளோனல் (விலங்கின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிக் கலவை) என்றால் லாட் எண்ணை ஸ்லைடு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். முயல் மாறினால் ஆன்டிபாடியும் வேறு. புதிய குப்பி வந்ததும் அந்த இரண்டு லேன் ப்ளாட்டை மறுபடி ஓட்டுங்கள்.