டிவிக்குக் கீழே ஒரு சத்தமில்லாத பெட்டி: அம்பைத் தங்கச்சியின் கேள்வி

வணக்கம். இன்றைக்கு ஐந்து கேள்வி எடுத்து வைத்திருந்தேன். முதல் கேள்வியோடு நேரம் முடிந்துவிடும் போலத் தெரிகிறது. இரண்டு நாளாக மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது. அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

“அண்ணாச்சி, எங்க வீட்டு ஹால்ல டிவிக்குக் கீழ வைக்க சின்னதா ஒரு கம்ப்யூட்டர் வேணும். அப்பா சேத்து வச்ச நாதஸ்வரக் கேசட்டெல்லாம் தம்பி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான். இப்ப இருக்கிற பெட்டி போடுற இரைச்சல்ல ஆலாபனையே கேக்கலன்னு அப்பா திட்டுதாவ. சத்தமே வராம இருக்க என்னென்ன பார்ட்ஸ் வாங்கணும்? ஃபேன் எந்தக் கம்பெனி நல்லது? படம் போட்டா பேச்சு மெதுவாவும் சண்டை மட்டும் பெருசாவும் கேக்கு. அதுக்கும் ஃபேன் சத்தம்தான் காரணமா?”

அம்பாசமுத்திரத்துக்காரர் நாதஸ்வரம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள். ரயிலில் ஏறினால் வீரவநல்லூர் தாண்டி அடுத்து காருகுறிச்சி. நாதஸ்வர வித்வான் அருணாசலம் ஊர். அவர் 1964-லேயே போய்விட்டார், நமக்கு மிச்சம் ஒலிப்பதிவுகள்தான். அதைக் கேட்கிற இடத்தில் ஒரு பெட்டி ‘உர்ர்’ என்று உறுமிக்கொண்டிருந்தால் எனக்கும் கோபம் வரும். அப்பா பக்கம்தான் நான்.

ஆனால் தங்கச்சி, ஃபேன் எந்தக் கம்பெனி என்று கேட்டீர்களே, அது அடுப்பைத் திகுதிகுவென்று எரியவிட்டுவிட்டு எந்த விசிறி நல்லது என்று கேட்பது மாதிரி. அடுப்பைத் தணியுங்கள். சூடு குறைந்தால் சத்தம் தானாகக் குறையும். வழக்கமாகப் பார்க்கிறவர்கள் இப்போது சிரிப்பீர்கள். போன வாரம் யூபிஎஸ் பற்றிப் பேசும்போதும் இதைத்தான் சொன்னேன், அதற்கு முன்னால் லேப்டாப் பற்றிப் பேசும்போதும் இதைத்தான் சொன்னேன். என்ன செய்ய, விஷயம் அதுதானே.

மாவு மில் கதை தெரியாத புது ஆட்களுக்காகச் சுருக்கமாக. பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை, பெரிய கிராபிக்ஸ் கார்டோடு, ஹாலில் கொண்டு வைத்தேன். படம் பார்க்க எனக்கு அந்தக் கார்டு தேவையே இல்லை. சும்மா இருந்தது, செருகினேன். முதல் நாள் ராத்திரி அம்மா அடுக்களையில் இருந்து குரல் கொடுத்தார்கள்: “ஏலே, கிரைண்டரை யாருலே போட்டது? அரிசி இன்னும் ஊறவே இல்லயே!” அன்றைக்குப் புரிந்தது, வேண்டாத பாகம் சும்மா உட்கார்ந்திருக்காது, சூட்டைக் கொட்டும், அந்தச் சூட்டை வெளியே தள்ள ஒரு ஃபேன் ஓடும் என்று.

சரி, என்ன வாங்கலாம்? படம் ஓட்டுவது கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு நிபந்தனை உண்டு. வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே சில்லுக்குள் தனியாக ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறதோ, அந்த முறை அந்தப் பகுதிக்குத் தெரிந்திருந்தால் சில வாட்டில் வேலை முடிந்துவிடும். தெரியாவிட்டால் மொத்தச் சில்லும் கையால் மாவாட்டுகிற மாதிரி மூச்சு முட்ட ஆட்ட வேண்டியதுதான். தெரிந்த தம்பி ஒருவர் விளையாட்டுக்கு வாங்கிய வேகமான கம்ப்யூட்டரை டிவியில் மாட்டினார். வீட்டுப் படங்கள் அருமையாக ஓடின. யூடியூபில் 4கே போட்டால் மட்டும் ஃபேன் அலறும். காரணம் ஏவி1 என்கிற புது முறை. அவருடைய சில்லு வேகமானதுதான், ஆனால் ஏவி1 அதற்குத் தெரியாது. இன்டெலில் 11-ஆம் தலைமுறையில் இருந்து இது உண்டு. ஏஎம்டியில் ரைசன் 5000ஜி வரிசையில் இல்லை, 8000ஜி வரிசையில் உண்டு. கடைக்காரர் ‘எட்டு கோர், பத்து கோர்’ என்று அடுக்கினால், ‘அதெல்லாம் இருக்கட்டும், ஏவி1 ஹார்டுவேரில் ஓடுமா?’ என்று இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

உங்கள் வேலைக்கு என் கைக்காசு போட்டு வாங்கினால் இன்டெல் என்100 வகைதான் வாங்குவேன். 2023-இல் வந்தது. நாலு கோர், 6 வாட். சாதாரண டெஸ்க்டாப் சில்லு 60, 65 வாட் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதில் ஏவி1 தெரியும். மினி ஐடிஎக்ஸ் போர்டு, அதாவது 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர், நம்ம சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது, அதிலேயே சில்லை ஒட்டி, மேலே அலுமினியத் தகடு வைத்து, ஃபேனே இல்லாமல் விற்கிறார்கள். பவர் சப்ளைக்குப் பதிலாக லேப்டாப் அடாப்டர் மாதிரி 19 வோல்ட் அடாப்டரை நேராகச் செருகுகிற போர்டும் வருகிறது. அப்போது பவர் சப்ளையின் ஃபேனும் ஒழிந்தது. ராம் 8 ஜிபி போதும், ஒரே குச்சிதான் ஏறும். ஒரு எம்.2 எஸ்எஸ்டி, அதாவது சுற்றாமல், சத்தமில்லாமல் சேமித்து வைக்கிற சின்ன அட்டை. கேசட்டில் இருந்து எடுத்த பாட்டுக்கு 500 ஜிபி தாராளம். டிவி 4கே என்றால், டிவிக்கு வயர் போகிற எச்டிஎம்ஐ துளை 2.0 வகையா என்று மட்டும் பாருங்கள். 1.4 என்றால் 4கே-யில் நொடிக்கு 30 படம்தான் போகும், மவுஸ் நகர்வதே நொண்டி நொண்டித் தெரியும். அவ்வளவுதான் பார்ட்ஸ்.

ஓடிடி மட்டும் பார்க்கிற வீடென்றால் இதுவும் வேண்டாம், டிவிக்குப் பின்னால் செருகுகிற ஸ்டிக் போதும். அப்பாவின் கேசட் இருக்கிறதே, அதற்காகத்தான் கம்ப்யூட்டர் என்கிறேன்.

தம்பி விளையாட்டும் ஆடுவேன் என்று அடம்பிடித்தால் பெரிய சில்லு, ஃபேன் எல்லாம் வந்துவிடும். அப்போது ஒரு விஷயம். சின்னது, சத்தமில்லாதது, இந்த இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி. பெட்டி சின்னதாக ஆக ஃபேனும் சின்னதாகும். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேண்டும் என்றால் தலைதெறிக்கச் சுற்ற வேண்டும். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தெரியும். அதனால் 120 மில்லிமீட்டர் ஃபேன் பிடிக்கிற பெட்டி வாங்கி, 700, 800 சுற்றில் மெதுவாக ஓடவிடுங்கள். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கிற அமைப்புப் பக்கத்தில், வேகம் திடீர் திடீரென்று ஏறி இறங்காமல் வைக்க வேண்டும். தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனை ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுகிறோம், ஆனால் காதுக்குப் பக்கத்தில் வந்து வந்து போகிற ஒற்றைக் கொசு தூங்க விடுகிறதா? அதே கதைதான்.

இன்னொன்று, இணையத்தில் ‘சத்தமே இல்லை’ என்று காட்டுகிறவர்கள் பாதிப் பேர் குளிரூரில் உட்கார்ந்திருக்கிறார்கள். 22 டிகிரி அறையில் 60 காட்டுகிற சில்லு, சித்திரை வெயிலில் 36 டிகிரியில் கிடக்கிற நம்ம ஹாலில் 74-ஐத் தொடும். அப்புறம் ஆடி. அம்மியே பறக்கிற காற்றில் தூசி பறக்காதா? கயத்தாறு, பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் உங்கள் பெட்டிக்குள்ளும் போகிறது. தூசி அடைத்தால் சூடு, சூடானால் சத்தம். ஆடி முடிந்ததும் ஒரு தடவை திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் அது அவியல் சட்டி.

இப்போதைய பெட்டியில் பழைய ஹார்டு டிஸ்க் இருக்கும் என்று நினைக்கிறேன். ‘உர்ர்’ என்று ஒரே சுருதியில் இருந்தால் அது ஃபேனாக இல்லாமலும் இருக்கலாம். டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றினால் நொடிக்கு 90, அந்த அதிர்வு தேக்குப் பலகையில் ஏறினால் மொத்த ஷோகேஸும் ஒத்துப் பிடிக்கும். நாதஸ்வரத்துக்கு ஒத்து வேண்டும்தான், ஆனால் இது சுருதி சேராத ஒத்து! என் வீட்டில் இது நடந்தபோது பத்தமடைப் பாயில் ஒரு துண்டை மடித்துக் கீழே வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது, சத்தம் ஒரு இம்மி குறையவில்லை. பழைய ரப்பர் செருப்பை நாலு துண்டாக வெட்டி நாலு மூலைக்கும் கொடுத்தேன், அடங்கிவிட்டது. செருப்பை ஹாலில் வைத்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. பெரிய டிஸ்க் வேண்டும் என்றால் அதை உள்ரூமில் ரௌட்டர் பக்கத்தில் வைத்து வயர் இழுத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்து எங்கள் மாமாவுக்கு ஒரு பெட்டி அமைத்துக் கொடுத்தேன். ஃபேன் இல்லை, டிஸ்க் இல்லை. மறுநாளே போன்: “மாப்ளே, இப்பவும் ‘ஸ்ஸ்ஸ்’னு கேக்குய்யா.” ஓடிப் போய்ப் பார்த்தால் அது கேசட்டிலேயே இருக்கிற இரைச்சல். இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் சத்தத்தில் அது கேட்கவில்லை! உங்கள் அப்பாவும் சொல்வார்கள், இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

சரி, இந்தக் கேள்வி இரண்டு நாளாக மண்டையில் ஓடியதற்குக் காரணமே அந்தக் கடைசி வரிதான். பேச்சு மெதுவாக, சண்டை மட்டும் பெரிதாக. அதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஃபேன் சத்தம் மெல்லிய பேச்சைக் கொஞ்சம் மறைக்கும், ஆனால் பேச்சுக்கும் சண்டைக்கும் இவ்வளவு வித்தியாசம் அதனால் வராது. புதுப் பெட்டி வாங்கினாலும் இது போகாது.

5.1 ஒலியில் ஆறு தனித்தனி வழி இருக்கிறது. முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, அப்புறம் அடி அதிர்கிற சப்வூஃபர். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் வரும். நம்ம ஊரில் கடையில் வாங்குகிற 5.1 செட்டில் மூன்று ஜாக் இருக்கும், பச்சை, கறுப்பு, ஆரஞ்சு. நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஆரஞ்சில் போகும். கம்ப்யூட்டரில் 5.1 என்று வைத்துவிட்டுப் பச்சையை மட்டும் செருகினால் என்ன ஆகும்? பாட்டு வரும், சண்டை வரும், கதாநாயகன் வாயசைப்பார். பேச்சு லேசாகக் கேட்பதுகூடப் பக்கத்து ஸ்பீக்கர்களில் கசிகிற மிச்சம்தான்.

விண்டோஸில் சவுண்ட் அமைப்புக்குள் போனால் ஸ்பீக்கரை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். நடு ஸ்பீக்கரை அமுக்கிப் பாருங்கள். சத்தம் வரவில்லையா, வயரைப் பாருங்கள். டிவி ஸ்பீக்கர் மட்டும்தான் என்றால் 5.1-ஐ எடுத்துவிட்டு ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். கோடி (Kodi) என்கிற, படம் ஓட்டுகிற மென்பொருள் வைத்திருந்தால் அதன் ஆடியோ அமைப்பில் சேனல் எண்ணிக்கையை 2.0 ஆக்குங்கள். நடுவில் வர வேண்டிய பேச்சை இரண்டு பக்கமும் அதுவே பிரித்துக் கலந்துவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. டிவியில் இரவு ஒலி என்று ஏதாவது இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள், பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னதைத் தூக்கிக் கொடுக்கும். நாதஸ்வரம் கேட்கும்போது மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஏற்றமும் இறக்கமும் ஒரே மட்டமாகி அப்பா மறுபடி திட்டுவார்கள்.

அதனால் தங்கச்சி, கடைக்குப் போவதற்கு முன்னால் டிவிக்குப் பின்னால் போய் அந்த ஆரஞ்சு ஜாக் எங்கே கிடக்கிறது என்று பார்த்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மிச்சம் நாலு கேள்வி அடுத்த வாரம். வள்ளியூர் தம்பி, பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது என்றீர்களே, முதலில் உங்களுடையதுதான். அதுவரைக்கும் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.